மொட்டைக் காருக்கு நலங்கு

என் கல்யாணச் சேலையை அம்மா அட்டன் கடைத்தெருவில் அரை மணி நேரத்தில் எடுத்து முடித்தார். காருக்கு என்ன ஒயில் ஊற்றுவது என்று முடிவு செய்ய அப்பாவுக்கு ஐந்து வாரம் பிடித்தது.

கார் என்றதும் நான்கு கதவும் ஒரு கூரையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இதற்குக் கூரை கிடையாது. கதவு முழங்கால் உயரம். இரண்டு பேர் உட்காரலாம். கூட ஒரு குடை கொண்டுபோவதானால் யாராவது மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பாதி வருடம் மழையும் மீதி வருடம் மூடுபனியுமாக இருக்கிற மலையில், எங்கள் தோட்டத்துக் கடைசி வெள்ளைக்காரத் துரை இந்த விளையாட்டுச் சாமானை வைத்திருந்தார். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போவார். தோற்றுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வருவார். லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர் வைத்தார்கள். அடர்ந்த பச்சை நிறம். தேயிலைக்கு நடுவே அது போகும்போது கார் கண்ணுக்குத் தெரியாது. துரையின் சிவந்த தலை மட்டும் செடிகளுக்கு மேலே மிதந்து போகும்.

அப்பா அவருடைய டிரைவர். ஜீப் ஓட்டுவார், வேன் ஓட்டுவார், அவசரத்துக்கு லொறியும் ஓட்டுவார். மொட்டைக் காரை மட்டும் ஓட்டியதில்லை. அதைத் துரை யாருக்கும் கொடுக்க மாட்டார். அப்பாவின் வேலை அதைக் கழுவுவது. பன்னிரண்டு வருடம் கழுவினார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது துரை பெட்டி கட்டினார். போகிற காலையில் கார் இனி இவருடையது என்று எழுதின கடுதாசியையும் சாவியையும் அப்பாவின் கையில் வைத்து, "நீ கழுவின அளவுக்கு நான் இத ஓட்டல" என்கிற மாதிரி ஏதோ அவருடைய தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாவி வந்த நேரம், நாட்டில் சீனிக்கே வரிசை. டயர் இல்லை, ஒயில் இல்லை, பிரேக்குக்கு ஊற்றுகிற தண்ணி அறவே இல்லை. கார் மூன்று வருடம் கருங்கல் அடுக்கின்மேல் நின்றது. அப்பா கழுவுவதை நிறுத்தவில்லை.

பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அதே மாதத்தில் எனக்கு மஸ்கெலியாப் பக்கத்து மாப்பிள்ளை நிச்சயமானார். அப்பாவின் மனதில் இந்த இரண்டும் ஒரே செய்தியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும்.

"எம் மகள கோயிலுக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன்," என்றார் சாப்பாட்டு நேரத்தில். "மொட்டைல."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். "மாப்ள வீட்டுல கறுப்புக் காரு அனுப்புறேன்னு சொல்றாங்க. கூரை உள்ள காரு. அது ஆகாதாங்க?"

"ஆகாது."

"பாப்பா, நீ சொல்லு இந்த மனுசனுக்கு."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பனிக்குள் நடந்து, பனிக்குள் பாடம் நடத்தி, பனிக்குள் திரும்பி வருகிறவள். முகத்தில் காற்று அடிக்க ஐந்து மைல் போவது என்பது, கல்யாணத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த வருடத்தில் எனக்குக் கிடைக்கவிருந்த பெரிய விஷயம். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஒரு சிக்கல் இருந்தது. அட்டன் மாதா கோயிலில் எங்களுக்குக் கிடைத்தது சாம்பல் புதனுக்கு முந்தின திங்கள்கிழமை காலை பத்து மணி. பாதர் ஒருத்தர்தான், அவர் போய்வர வேண்டிய தோட்டங்கள் ஏராளம். பதினொன்றரை பஸ்ஸில் அவர் மஸ்கெலியா போயாக வேண்டும். புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசினால் தவக்காலம். உயிர்ப்புத் திருநாள்வரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கோ அடுத்த வாரம் வலப்பனைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம். ராகலையிலிருந்து வந்து இறங்கப்போகிற சொந்தக்காரர்களை நாற்பது நாள் வைத்துச் சோறு போட அம்மா தயாராக இல்லை. ஆகவே பத்து மணிக்குக் கோயில் வாசல், பதினொன்றரைக்குள் கல்யாணம். அப்பாவுக்கு ஒரே ஒரு தடவைதான்.

டாஷ்போர்டுக்குள் துரையின் புத்தகம் இருந்தது. காரோடு வந்த ஆங்கிலக் கையேடு. ஒவ்வொரு நாள் மாலையும் ஜெபமாலை முடிந்ததும் அப்பா அதை என்னிடம் நீட்டுவார். வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அதுவும் ஞானோபதேசப் புத்தகம் மாதிரித்தான் பேசியது: இன்னதைச் செய், இன்னதை எக்காரணம் கொண்டும் செய்யாதே. இஞ்சினுக்குக் குளிர்காலத்துக்கு ஒரு ஒயில், கோடைக்கு ஒரு ஒயில் என்று பட்டியல் போட்டிருந்தது.

"நமக்கு எது குளிர்காலம் பாப்பா?"

"இப்ப பெப்ரவரி அப்பா. காலையில புல்லுல ஐஸ் கெடக்குது."

"மத்தியானம் மண்டை வெடிக்குதே. பத்து மணிக் கல்யாணத்துக்கு எதக் கணக்கு வைக்கிறது?"

இந்தக் கேள்வியை அப்பா தேயிலை பெக்டரி இஞ்சின் ரூமுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவரை நாங்கள் சித்தப்பா என்போம். ரத்த உறவு இல்லை, அதைவிட நெருக்கம். பெக்டரியின் பெரிய இஞ்சினைப் பெற்ற பிள்ளை போல வளர்த்தவர். அவரிடம் ஒரு பீப்பாய் ஒயில் இருந்தது. கொழுந்து உருட்டுகிற ரோலருக்கு அதுதான், காய வைக்கிற டிரையர் சங்கிலிக்கு அதுதான், மலையில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் சைக்கிளுக்கு அதுதான், லயத்துத் தையல் மெஷினுக்கும், கீச்சிடுகிற கதவுக்கும், ஒரு முறை என் காதுவலிக்குக்கூட அதுதான். உலகத்தில் சுற்றுகிற எதுவும் அந்தப் பீப்பாயால் சுற்றும் என்பது அவர் விசுவாசம்.

"அண்ணே, இதுல என்னா யோசன? ரெண்டு போத்தல் தாரேன், ஊத்துங்க."

"இது ரேஸ் காருடா தம்பி."

"நம்ம ரோலரு மட்டும் என்னா, நடந்தா போவுது?"

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சனிக்கிழமை என்னையும் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு அட்டனில் மோட்டார் சாமான் கடைக்குப் போனார். கடை முதலாளி முஸ்லிம். மூன்று வருடம் வெறும் ராக்கைத் தட்டுகளைத் தூசி தட்டி உட்கார்ந்திருந்தவர். இப்போது அந்த ராக்கைகளில் டின்கள். மஞ்சள், சிவப்பு, நீலம். நான் எண்ணிப் பார்த்தேன், பதினொரு வகை. கடை, தேர்த் திருவிழா மாதிரி இருந்தது.

"வாங்க டிரைவரே. என்னா வேணும்?"

"இஞ்சின் ஒயில்."

"என்னா ஒயிலு?"

"நல்ல ஒயிலு."

"கெட்ட ஒயில நான் எங்க வச்சிருக்கேன்? நம்பரச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைத் திறந்தேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர், இந்தப் புத்தகம் அச்சடிச்ச காலத்துல எனக்கே தாடி மொளைக்கல. இப்பல்லாம் குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே ஒயிலு. இந்தா பாருங்க, இருபது, ஐம்பது. குளிர்ல எளசா இருக்கும், சூட்டுல தடிச்சு நிக்கும்."

"ஒரே ஒயிலா? ரெண்டு மாதிரி நடக்குமா?" அப்பாவுக்குச் சந்தேகம். ரெண்டு மாதிரி நடக்கிற மனிதர்களை அவர் கிட்டே சேர்ப்பதில்லை. டின்னைத் திறக்கச் சொன்னார், விரலில் தொட்டார், பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு அடுத்த டின். பதினொரு டின்னுக்கும் இதே பூசை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலாளி உள்ளே போய்த் திரும்பி வந்தார். அப்பா ஏழாவது டின்னில் நின்றார். கடைசியில் முதலாளி முதலில் சொன்னதையே வாங்கினார்.

"பிரேக்குக்கு?"

முதலாளி ஒரு சின்ன டின்னை எடுத்து மேசையில் வைத்தார். முகம் மாறியது. "இத மட்டும் ஒயில் மாதிரி நெனச்சுப் பொழங்காதீங்க. இதுல வேற எதுவும் ஒரு சொட்டு கலக்கப்படாது. உள்ள இருக்குற ரப்பரு எல்லாம் புதுசு தாரேன், மாத்திப் போடுங்க. சிந்தவும் வேணாம். பெயிண்டத் தின்னுடும்."

பெயிண்டைத் தின்னுமா என்று அப்பா நம்பவில்லை. அன்று மாலையே ஒரு சொட்டு இஞ்சின் மூடியான பொனட்டில் விழுந்தது. துடைப்பதற்குள் பன்னிரண்டு வருடம் கழுவின பச்சை, ஐம்பது சதக் காசு அளவுக்குத் தோலுரிந்தது. அப்பா வாயில் விரல் வைத்து நின்றார். சித்தப்பாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"அண்ணே, வெளியவே இப்படித் தின்னுதுன்னா, உள்ள என்னா பண்ணும்?"

"உள்ள ரப்பருதான். அதுக்கு இதுதான். புத்தகத்துலயும் போட்டிருக்கு."

சித்தப்பா தலையை ஆட்டினார். சம்மதம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். பழைய இஞ்சின் ஒயில் கித்துள் பாகு மாதிரி இழுத்து இழுத்து வந்தது. புதியது தேன் நிறத்தில் உள்ளே போனது. பிரேக் ரப்பரும் டயரும் புதிதாக மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டார். மூன்று வருடம் மௌனவிரதம் இருந்த கார் ஒரு இருமலோடு விழித்து, பிறகு அடித்தொண்டையில் பாட ஆரம்பித்தது. லயத்து நாய்கள் எல்லாம் பதில் பாடின. பங்களாவைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார். பிரேக் தொட்டால் நின்றது. இறங்கி வந்ததும் அப்பா வாளியை எடுத்துவந்து அதை மறுபடி கழுவினார்.

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை எனக்கு நலங்கு. நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள்; ஆனால் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறும்போது நலங்கை யாரும் கரையில் விட்டுவிட்டு வரவில்லை. அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்து, பெண்கள் ஒவ்வொருவராக என் தலையில் வைத்தார்கள். உச்சி குளிர வேண்டும், சூடு தணிய வேண்டும், புது இடத்துக்குப் போகிற பெண் கோபப்படக் கூடாது. எண்ணெய் காதோரம் வடிந்தது. வாசல்படியில் நின்று அப்பா அழுதுகொண்டிருந்தார். அதனால் அவர் கார் நின்ற கொட்டகைப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

திங்கள்கிழமை காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அப்பா துரை கொடுத்த பழைய கோட்டைப் போட்டிருந்தார். பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு செவ்வந்திப் பூ ஒட்டியிருந்தது. வெள்ளைச் சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, மொட்டைக் காரின் இடது பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தேன். ஏறி உட்காருகிற கார் இல்லை அது. பின்னால் தோட்டத்து லொறியில் அம்மா, சித்தப்பா, ராகலைச் சொந்தங்கள், மேளம். ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டோம்.

முதல் இரண்டு மைல், அதற்கு என்னிடம் சொல் இல்லை. இத்தனை வருடம் எழுதியும் இல்லை. என் முகத்துணி பின்னால் பறந்து லொறியின் கண்ணாடியைத் தொட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து குலவை போட்டார்கள். அப்பாவின் கைகள் வட்ட வட்டமாகக் கழுவிப் பழகின கைகளாகவே இருந்தன. ஸ்டியரிங்கையும் துடைக்கிற மாதிரித்தான் திருப்பினார்.

ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தொட்டார். ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் கார் கொஞ்சம் மெதுவாகப் போனது. இறக்கத்தில், மலை கீழே இழுக்க, அப்பா எக்ஸிலரேட்டரை மிதிக்க ஆரம்பித்தார். பிறகு இன்னும் மிதித்தார். ஒரு ஆடு எங்களைத் தாண்டிப் போனது.

"அப்பா, எறக்கம்தானே?"

"எறக்கம்தான்."

"அப்ப ஏன்?"

"பேசாம வா பாப்பா."

சக்கரங்களிலிருந்து கருகின வாசனை வந்தது. கோயிலுக்கு அரை மைல் இருக்கும்போது, நல்ல சரிவில், கார் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது. ஐந்து வாரமாகத் தோட்டமே கவலைப்பட்டது, இது நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. ஓடாமல் போகும் என்று யாரும் கவலைப்படவில்லை. லொறியிலிருந்து பத்துப் பேர் குதித்துத் தள்ளினார்கள். மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

நான் புத்தகத்தை எடுத்தேன். கல்யாணப் பூச்செண்டைக் கியர் கம்பியில் மாட்டிவிட்டுப் பக்கம் தேடினேன். பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லையென்றால் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஆணியைத் திருகி உள்ளே இருப்பதை வெளியே விடு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, அதற்குப் பிறகு எக்காரணம் கொண்டும் காரை ஓட்டாதே என்று போட்டிருந்தது.

"கீழ என்னமோ தடிச்ச எழுத்துல இருக்கே?"

"ஒண்ணும் இல்லப்பா. அவ்வளவுதான்." முந்தின நாள்தான் பாதரிடம் பாவமெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன்.

முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு அப்பா கோட்டோடு காருக்கடியில் படுத்தார். ஆணியைத் திருகியதும் உள்ளே இருந்தது கையிலும் கழுத்துப்பட்டியிலும் பீச்சியடித்தது. அப்படியே படுத்துக்கொண்டு விரலை முகர்ந்தார். வெகு நேரம் முகர்ந்தார். பிறகு காருக்கடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இது நம்ம பெக்டரி ஒயிலாச்சே."

மேளக்காரர் மேளத்தைப் பின்னால் மறைத்தார்.

"அண்ணே," என்றார் சித்தப்பா, "புள்ளைக்கு நலங்கு வச்சாங்கல்ல. காரும்தானே கல்யாணத்துக்குப் போவுது. அதான் நாங்க ஆம்பளைங்க எல்லாம் கொட்டகையில..."

"கொட்டகையில?"

"ஆளுக்கு ஒரு சொட்டு, அறுகம்புல்லுல. அதுக்குத் தலை எதுன்னு தேடுனோம். மூடியத் தூக்குனா, ஒசத்துல பிரேக்குத் தண்ணி ஊத்துற அந்தச் சின்ன டப்பாதான் இருந்துச்சு. எங்கிட்டு எண்ண வைக்கிறது, அங்கதானே? பெயிண்டத் தின்னுற சனியன் உள்ள கெடக்கு, சூடு தணியட்டும்னு நான் மட்டும் ஒரு கரண்டி கூட ஊத்துனேன்."

"ஒரு கரண்டி."

"பிரேக்க அமுத்திப் பாத்தேன், எண்ண எறங்குச்சு. அப்புறம் இன்னொரு கரண்டி."

ரப்பர் எல்லாம் நலங்கு எண்ணெய் குடித்து, இரண்டு நாள் ஊறி, வடை மாதிரி உப்பியிருந்தது. அப்பா வெளியே வந்து எழுந்து நின்றார். சித்தப்பாவை அடிப்பார் என்று நினைத்தோம். தன் காருக்கும் ஒருத்தன் நலங்கு வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் உள்ளே இறங்கியது போல, அப்பாவின் முகம் ஒரு மாதிரி கோணியது. கண்ணைப் புறங்கையால் துடைத்தார். கன்னத்தில் ஒயில் ஒட்டியது.

மணி பத்து ஐம்பது.

"எறங்கு பாப்பா, லொறில ஏறு!" அம்மா மேலிருந்து கத்தினார். "ஏங்க, இப்ப அதுக்குப் பிரேக்கே இல்லதானே?"

"இல்ல," என்றார் அப்பா, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

அது உண்மை. நான்கு சக்கரமும் இப்போது விடுபட்டுவிட்டன. நிறுத்தத்தான் எதுவும் இல்லை. கதவு முழங்கால் உயரம்தான், காலை வெளியே வைத்தால் போதும். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பொனட்டில் விழுந்துகிடந்த செவ்வந்தியை எடுத்து, தோலுரிந்த இடத்தில் மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எறங்க மாட்டேன்," என்றேன்.

"என்னாடி?"

"மாரியம்மன் தேருக்குப் பிரேக் இருக்கா?"

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துத் தேர் வருடா வருடம் இதைவிடக் கொடுமையான சரிவில் இறங்கும். பின்னால் வடம் கட்டி இருபது பேர் பிடிப்பார்கள். இரண்டு பேர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த இருபது பேரில் பாதிப்பேர் அந்த லொறியில்தான் இருந்தார்கள். சித்தப்பா முட்டுக்கட்டைக்காரர்.

அவர் அதற்குள் லொறியின் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நான் முன்ன போயி பாதரப் புடிச்சு வைக்கிறேன்" என்று லொறியைக் கிளப்பச் சொன்னார். லொறி எங்களை உரசிக்கொண்டு இறங்கிப் போனது.

அப்படித்தான் நான் கோயிலுக்குப் போனேன். இஞ்சினை நிறுத்திவிட்டு அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் குதிகாலை ரோட்டில் ஊன்றிச் சரிந்து வந்தார்கள். பக்கத்தில் சித்தப்பா விறகுக் கட்டையோடு ஓடி, வளைவு வரும்போதெல்லாம் சக்கரத்தில் போட்டார், எடுத்தார், போட்டார். பழக்க தோஷத்தில் யாரோ "அரோகரா" என்றார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாதா கோயில் வாசலுக்கு அரோகராவோடு வந்து சேர்ந்த முதல் மணப்பெண் நானாகத்தான் இருப்பேன்.

பாதர் படியில் நின்றார். அவருடைய பையின் ஒரு காதை அவர் பிடித்திருந்தார், இன்னொரு காதை அம்மா பிடித்திருந்தார். மணி பதினொன்று பத்து.

"இருபது நிமிசத்துல முடிப்பேன்," என்றார் பாதர். "பிரசங்கம் கெடையாது."

பதினெட்டு நிமிடத்தில் முடித்தார். மோதிரம் போடும்போது மாப்பிள்ளை குனிந்து மெதுவாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்னா வாசம் இது?" என்பதுதான்.

வெளியே வந்தபோது அப்பா மொட்டைக் காரின் பக்கத்தில், சாவியோடு, துடைத்த முகத்தோடு நின்றார்.

"மாமா," என்றார் மாப்பிள்ளை பயந்துகொண்டே, "இதுலயா திரும்பிப் போறது? பிரேக் இல்லைன்னாங்களே."

"திரும்பிப் போறது ஏத்தம் மாப்ள. ஏத்தத்துக்கு எதுக்குப் பிரேக்கு? இஞ்சின் ஒயில்தான் முக்கியம்."

இருக்கை இரண்டுதான். மாப்பிள்ளை இருக்கைகளை எண்ணினார், எங்களை எண்ணினார், மறுபடி இருக்கைகளை எண்ணினார். சித்தப்பா அவருடைய தோளில் கை போட்டு லொறிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றக் கையில் முட்டுக்கட்டை. ஆகவே என் கல்யாணத்தன்று போகும்போதும் அப்பாவோடு போனேன், வரும்போதும் அப்பாவோடு வந்தேன். மலை எங்களை மேலே விட்டது. பாதி வழியில் அப்பா ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒயில் அழுத்தம் காட்டுகிற முள்ளை விரலால் தட்டினார். முள் புத்தகம் சொன்ன இடத்திலேயே நின்றது.

"பாத்தியா," என்றார்.